தோளுக்கு அளந்த மருந்து

எண்பதுகளில் இர்விங்கில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபைக்கு வந்துகொண்டிருந்த மயக்க மருந்து டாக்டர் அவர். வேட்டைக்குக்கூட இஸ்திரி போட்ட பேன்ட்தான். கையில் எதை எடுத்தாலும், ஊசியில் காற்றுக் குமிழை வெளியேற்றுவதுபோல, நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவார்.

ஒருமுறை மான் வேட்டைக்கு என்னையும் கூட்டிப் போனார். குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டைத் திணிக்கிற பழைய மாதிரித் துப்பாக்கி. கனமான குண்டுக்கு மருந்தைக் குறைத்தால் மான் சாகாது, காயம்தான் படும் என்று துப்பாக்கிக் கடைக்காரர் என் எதிரிலேயே சொல்லியிருந்தார். இவர் பெட்டியிலேயே பெரிய குண்டாகப் பொறுக்கினார். அளவுக் குழாயை இரண்டு தட்டுத் தட்டினார். பாதி மருந்தைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டார்.

மான் ஒன்று தென்பட்டதும் சுட்டார். பாதி தூரத்திலேயே தாழ்ந்துவிட்ட குண்டு அதன் பின்னங்காலில் பட்டது. அது காலை இழுத்துக்கொண்டே புதருக்குள் மறைந்தது. தேடிப் போகலாம் என்று எழுந்தேன். அவர் தெர்மாஸைத் திறந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் அங்கிள் மருந்தக் கொறச்சீங்க?"

"ஃபுல் லோட் போட்டா துப்பாக்கி பின்னால உதச்சுத் தோள் வலிக்குதுப்பா."

"ஆபரேஷன் தியேட்டர்லயும் உங்க தோளப் பாத்துத்தான் மருந்து அளப்பீங்களா?"

"அங்க கொறச்சா கேஸ் போடுவாங்கப்பா" என்றார், காபியை ஊதிக்கொண்டே.

அந்த ஞாயிறு சபையில் ஜெபம் நடத்தியவர் அவர்தான். வலியில் தவிக்கிற எல்லோருக்காகவும் உருகி உருகி ஜெபித்தார்; கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்பதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.