குப்புற வைத்த எல்.இ.டி.

1. பதினேழாம் நம்பர் போர்டு

புதுவயல் ரைஸ் மில் ஒன்றில் பாய்லர் குழாய் வெடித்து, பாய்லர்க்காரர் காளிமுத்து உடம்பு வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்ற செய்தி எங்கள் யூனிட்டுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. மறுநாள் மதியம் எங்கள் முதலாளி சொக்கலிங்கம் சார் அந்தப் பாய்லருக்கு நாங்கள் செய்துகொடுத்திருந்த, எச்சரிக்கை விளக்குகள் உள்ள இண்டிகேட்டர் போர்டைக் கழற்றி, ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். என் டெஸ்டிங் மேஜையில் வைத்து, போட்டுப் பார்க்கச் சொன்னார்.

சப்ளை கொடுத்து, பாய்லரில் தண்ணீர் குறைந்தால் வரும் சிக்னலைக் கொடுத்தேன். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. பத்துத் தடவை கொடுத்தேன். பத்துத் தடவையும் எரிந்தது.

சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். "அப்ப நம்ம மேல தப்பில்ல. அந்தாளு தூங்கியிருக்காரு" என்றார்.

நான் போர்டைத் திருப்பினேன். போர்டின் பின்பக்கம் சீரியல் நம்பர் பதினேழு என்று இருந்தது. பக்கத்தில் 'ஓகே' ஸ்டிக்கர். அதில் என் கையெழுத்து.

2. விரலால் அமுக்கியது

காரைக்குடியில் அந்த யூனிட்டில் நாங்கள் ஆறு பெண்கள் வேலை பார்த்தோம். தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. டிப்ளமோ முடித்திருந்ததால் எனக்கு டெஸ்டிங். சாக்கோட்டை செல்வமேரிக்கு சால்டரிங். அவளைப் போல ஈயம் வைக்கிற கையை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ரைஸ் மில்லில் உமித்தூசி நுழையாத இடம் கிடையாது. பழைய பேனல்களில் விளக்குகள் தகட்டைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த இடுக்கு வழியாகத் தூசி உள்ளே போய் போர்டு கெட்டுவிடும். அதற்கு சார் ஒரு வழி கண்டுபிடித்தார். போர்டின் முகத்தில் எதுவுமே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மேலே அச்சடித்த பிளாஸ்டிக் ஷீட்டை அப்படியே ஒட்டிவிட வேண்டும். வெளிச்சம் மட்டும் போர்டில் போட்ட சின்னத் துளை வழியாக வர வேண்டும்.

இதற்கென்றே, போர்டின் பரப்பிலேயே பற்றவைக்கிற ஒரு வகை சர்ஃபேஸ் மவுண்ட் எல்.இ.டி. அப்போது வந்திருந்தது. நொய்யரிசி அளவுதான் இருக்கும். சாதாரணமாக எல்.இ.டி.யை முகம் மேலே தெரிய வைப்போம். இதைப் போர்டின் பின்பக்கத்திலிருந்து, முகம் துளைக்குள் இறங்கும்படி குப்புற வைக்க வேண்டும். துளையின் இரண்டு ஓரத்திலும் அதன் கால்களைச் செம்பில் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். பெரிய கம்பெனிகளில் மெஷின் செய்யும் வேலை. எங்களிடம் எடுத்து வைக்க ஒரு ட்வீசரும் சாதாரண சால்டரிங் அயர்னும் செல்வமேரியும்தான்.

நாலைந்து போர்டு முடித்ததுமே அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, ஒரு காலு மட்டும் ஈயம் பிடிக்க மாட்டேங்குது. அயர்ன ரொம்ப நேரம் அமுக்க வேண்டியிருக்கு. உள்ளுக்குள்ள வெந்துருமோன்டு பயமா இருக்கு. சார்ட்ட சொல்லுங்களேன்."

அவள் சொன்னது சரி. அந்தக் கால் சேருகிற செம்பு, போர்டு முழுக்கப் பரவிய அகலச் செம்பு. வைக்கிற சூட்டையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். டிசைனை மாற்ற வேண்டிய விஷயம். ஆனால் சார் கோயம்புத்தூர் போயிருந்தார். சரக்கு அந்த வாரமே போயாக வேண்டும். "எரியுதுல்ல, அது போதும்" என்று அவளை அனுப்பிவிட்டேன். சார் திரும்பி வந்த பிறகும் சொல்லவில்லை.

பதினேழாம் போர்டை டெஸ்ட் செய்தபோது சிவப்பு எரியவில்லை. விரலால் லேசாக அமுக்கினேன். எரிந்தது. விரலை எடுத்த பிறகும் எரிந்தது. நாலைந்து தடவை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு ஸ்டிக்கரை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

3. அட்டைப்பெட்டியும் பல்பும்

சார் போன பிறகு ஒரு அட்டைப்பெட்டிக்குள் நூறு வாட் பல்பைத் தொங்கவிட்டு, போர்டை உள்ளே வைத்து மூடினேன். பாய்லர் அறையின் சூடு பெட்டிக்குள் வர வேண்டும் என்பது கணக்கு. முகம் தெரிய மட்டும் ஒரு ஓட்டை. இருபது நிமிஷம் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு தடவை சிமிட்டி அணைந்தது. வெளியே எடுத்து ஆறவைத்தேன். மறுபடி எரிந்தது.

எல்.இ.டி.க்குள் தலைமுடியை விட மெல்லிய ஒரு கம்பி உண்டு. பற்றவைக்கும்போது சூடு அதிகமானால் அது பிடிப்பு விட்டுவிடும். ஆறியிருக்கும்போது தொட்டுக்கொண்டிருக்கும், சூடேறினால் விலகும். என் மேஜையில் எரியும். பாய்லர் முன்னால் எரியாது.

மறுநாள் சாரிடம் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். பல்பை அவரே அணைத்தார்.

"இது வெளிய போனா யூனிட்டப் பூட்ட வேண்டியதுதேன். நீங்க ஆறு பேரும் எங்குட்டுப் போவீக? நான் எல்லா மில்லுலயும் போய் போர்டத் திருப்பி வாங்கிர்றேன். நீ பேசாம இரு."

அவர் மோசமானவர் இல்லை. சொன்னபடி ஒரே வாரத்தில் எல்லாப் போர்டுகளையும் திரும்பப் பெற்றார். மாடல் மாற்றுகிறோம் என்று காரணம் சொன்னார். இனி யாருக்கும் ஆபத்து இல்லை என்று ஆனதும், பேசாமல் இருப்பது எனக்கும் சுலபமாகிவிட்டது.

மில்லில் காளிமுத்துவின் பெயரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். செல்வமேரிதான் வந்து சொன்னாள். "தூங்கித்தேன் வெந்தாருன்டு பேசிக்கிறாக அக்கா. பதினாலு வருசமா பாய்லர் முன்னாடி நின்ன மனுசனாம்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

பதினோரு நாள் அப்படியே போயிற்று. சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுத மாட்டேன். சாப்பிட்டேன், தூங்கினேன், வேலைக்குப் போனேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

பன்னிரண்டாம் நாள் காலையில் சாரிடம் போய், மில்லுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவர் தடுக்கவில்லை. போர்டு, பெட்டி, பல்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு புதுவயல் பஸ் ஏறினேன்.

மில் முதலாளி தன் அறையிலேயே பிளக் பாயிண்ட் காட்டினார். விளக்கு அணைகிற வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். "ஒங்க சரக்குப் பழுதுன்டு நீங்களே வந்து சொல்றீகளேம்மா" என்றார். ஓகே போட்டது நான்தான் என்றேன். காளிமுத்து பெயரை வேலையில் திரும்ப எழுதிவிடுவதாக அவர் சொன்னார்.

விஷயம் மற்ற மில்களுக்கும் போனது. ஆர்டர் நின்றது. நாலு மாதத்தில் யூனிட்டை மூடினார்கள். கடைசி நாள் செல்வமேரி தன் ட்வீசரைத் துணியில் சுற்றி என் மேஜையில் வைத்தாள். "மில்லுல போயி நீங்க சொன்னது தப்பில்ல அக்கா. நான் சொன்ன அன்னைக்கே சார்ட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். அதன்பிறகு அவள் என்னுடன் பேசியதில்லை.

4. காளிமுத்து கேட்டது

மில்லுக்குப் போன மறுநாளே மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். காளிமுத்துவின் முகத்தில் பாதித் தோல் உரிந்திருந்தது. இரண்டு கையிலும் கட்டு. நான் யார் என்பதைச் சொல்லி, விரலால் அமுக்கியது வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "லைட்டு எரியலையே, தண்ணி கெடக்குன்டுதேன் நெனச்சேன் தாயி. தண்ணி மட்டம் பாக்குற கண்ணாடிக் குழாயி புகையில மங்கிக் கெடந்துச்சு. நானும் தொடச்சுப் பாத்திருக்கணும்" என்றார். பிறகு, "நான் தூங்கலன்டு அங்குட்டு எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டார்.

முதலாளிக்குத் தெரியும் என்றேன்.

"அவருக்குத் தெரிஞ்சா ஆச்சா? என்கூட நின்னு மூட்டை தூக்குனவுகளுக்குத் தெரியணும்."

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி மில்லுக்குப் போனேன். நெல் காயப்போடும் களத்தோரம் நிழலில் இருபது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். நின்றபடியே சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். ஒரு பெண் மட்டும் தூக்குவாளியை மூடிவிட்டு, "இத இத்தன நாளா ஏன் சொல்லல?" என்றாள்.

காளிமுத்துவின் வலது கை அதன்பிறகு மடங்கவே இல்லை. அவர் பாய்லருக்குத் திரும்பவில்லை.

பிறகு வேறு ஊர்களில் வேறு கம்பெனிகளில் டெஸ்டிங்கிலேயே என் காலம் போனது. என்னிடம் வேலை கற்றவர்களுக்கு மூன்று விஷயம் சொல்வேன். எல்லாம் நல்லபடி இருக்கிறது என்பதற்கு ஒரு விளக்கு எரிய வேண்டும். அது அணைந்தால் ஆபத்து என்று வையுங்கள். எரியாத விளக்கை நம்பி ஒரு மனிதனை நிறுத்தாதீர்கள். விரலால் அமுக்கி எரிகிற எதையும் ஓகே செய்யாதீர்கள்.

தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். பன்னிரண்டாம் நாள் நான் சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்தப் பதினோரு நாளும் அவர் வேலையில் தூங்கியவராகவே அந்தக் கட்டிலில் கிடந்தார்.