மானியச் சிலேட்டு

மூலை உடைந்த சிலேட்டு ஒன்று என் பீரோவில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் நான் எழுதிப் பழகியது. ஒரு காலத்தில் அதில் என் அப்பாவின் பெயர் எழுதப்பட்டது. இப்போது வேறொருவர் பெயர் இருக்கிறது.

அன்று நான் பத்தாம் வகுப்பு. மலைமேல் அரியூர் நாடு என்னும் பகுதியில் எங்கள் நெல் வயலுக்கு வேளாண்மை அலுவலர் சிவப்புப் பவர் டில்லர் உழவு வண்டி ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். மானியத்தில் வண்டி பெறும் விவசாயி, தன் பெயரும் சர்வே எண்ணும் எழுதிய பலகையைப் பிடித்தபடி வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். பலகையை அவர் மறந்துவிட்டு வந்திருந்தார். நான்தான் வீட்டுக்கு ஓடி இந்தச் சிலேட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த ஓட்டத்தை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்பா கல்யாணங்களுக்குப் போடும் வெள்ளைச் சட்டையில், காலரை நீவிவிட்டுக்கொண்டு நின்றார். ஒரு கையில் சிலேட்டு, மறு கை வண்டியின் கைப்பிடியில். அந்தக் கைப்பிடி உடைந்து நீல ரப்பரால் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. படம் எடுத்ததும் வண்டியை மறுபடி வேனில் ஏற்றினார்கள்.

"ஏனுங்க சார், வண்டிய எடுத்துட்டுப் போறீங்க?"

"இது படத்துக்குக் கொண்டாந்ததுங்க. உங்களுக்குப் புது வண்டி. பதிவாயிருச்சுங்க, வந்துரும். இனி எதுக்கு மாட்டக் கட்டித் தீனி போடறீங்க?" என்றார் அலுவலர். எங்கள் வீட்டில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

அப்பா அதே வாரம் உழவு மாடுகள் இரண்டையும் அடிவாரத்து வியாபாரிக்கு விற்றார். புது வண்டியை நிறுத்துவதற்காகக் கொட்டகையைச் சாணி போட்டு மெழுகி வைத்தார். வண்டி வரவில்லை. இரண்டு மழைக்காலம் மண்வெட்டியால் வயலைக் கொத்தினார். அப்புறம் இடுப்பு நிமிரவே இல்லை. வேறு மானியமாவது கிடைக்குமா என்று நானும் அவரும் மலையிறங்கி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது, "உங்களுக்குத்தான் வண்டி குடுத்தாச்சே" என்று கணினியில் அதே படத்தைக் காட்டினார்கள். அப்பா வெகுநேரம் பார்த்தார். "சட்டை நல்லாத்தான் இருக்குது" என்று மட்டும் சொன்னார். வாடகை வண்டி வைத்து அந்த வயலை உழவும் காசில்லாமல், அது தரிசாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே செத்துப்போனார்.

நான் மறக்கவில்லை. மறந்துவிடுவேனோ என்று பயந்துதான் சிலேட்டை எடுத்து வைத்தேன். வேலைக்குப் போன பிறகு, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுச் சுற்று வட்டாரத்து மானியப் படங்களை ஒவ்வொன்றாக வாங்கினேன். பதினோரு விவசாயிகள், பதினோரு வயல்கள்; எல்லாவற்றிலும் நீல ரப்பர் சுற்றிய அதே கைப்பிடி. படங்களை வரிசையாக ஒட்டிப் புகார் அனுப்பினேன். அதற்குள் ஓய்வு பெற்றிருந்த அந்த அலுவலரின் பென்ஷனை விசாரணை முடியும்வரை நிறுத்தி வைத்தார்கள். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தேன்.

போன மாதம் அவரே பஸ் ஏறி வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"மேல சொன்னதத்தான் செஞ்சேன் கண்ணு. புகார வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு சாமி. மருந்து வாங்கக்கூட வழியில்ல."

எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. வயலுக்குக் கூட்டிப்போனேன். சிலேட்டில் அவர் பெயரை எழுதி நீட்டினேன்.

"புடிச்சுட்டு நில்லுங்க சார். வாபஸ் வாங்கறதுக்கும் படம் வேணுமுங்க."

ஆயுசு முழுக்கப் படம் பிடித்தே காரியம் முடித்தவர், எதற்கென்று கேட்கவில்லை. புல் மண்டிய வயலில், அப்பா நின்ற அதே இடத்தில், காலரை நீவிவிட்டுக்கொண்டு நின்றார். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு சிலேட்டை வாங்கினேன்.

"கையெழுத்து, கண்ணு?"

"பதிவாயிருச்சுங்க சார். வந்துரும், போங்க."

அவருக்குப் புரிந்துவிட்டது. வரப்பில் தடுமாறி நடந்து போனார். நான் மோர்கூடக் கொடுக்கவில்லை.

சிலேட்டில் அவர் பெயர் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் புது வண்டி வந்ததும் அழித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன்.