அண்ணாச்சியின் மீசையும் படிக்கும் கருவியும்

அக்கா மகன் ஊருக்கு வந்தபோது, புத்தகம் படிக்கிற கருவி ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனான். பழக்கதோஷத்தில் மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. எங்கள் பேட்டை அறையில் எந்தக் கதையை எடுத்தாலும் மெஷின் ஆயில் வாசனை அடிக்கும்.

தொண்ணூறுகளில் பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை. ஐந்து பேர் ஒரே அறையில் தங்கியிருந்தோம். வாரப் பத்திரிகைகளிலிருந்து கிழித்துத் தைத்த தொடர்கதை ஏதாவது கிடைத்தால் யாருக்கும் காத்திருக்கப் பொறுமை கிடையாது. லேத் ஓட்டும் சுடலை அண்ணாச்சி தையலைப் பிரித்து ஐந்து கத்தையாக்கிவிடுவார். அவரவர் கைக்கு வந்த கத்தையிலிருந்து கதை தொடங்கும். எனக்குப் பெரும்பாலும் நாலாவது. நான் வாசிக்கிற வரிசையில் குழந்தை பிறந்த பிறகுதான் கல்யாணம் நடக்கும். அதில் ஒரு குறையும் தோன்றியதில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆகவே அச்சில் வந்ததெல்லாம் நடந்தே தீரும் என்று நம்பினேன். கையடக்கக் கருவிக்குள் ஒரு நூலகமே அடங்கப்போகிறது என்று வடை மடித்த காகிதத்தில் வாசித்துவிட்டு, அன்றே அறையில் அறிவித்தேன்.

"பத்து வருசத்துல எல்லாரு கையிலயும் இருக்கும் அண்ணாச்சி."

"ஏலே, அதை எப்படிலே அஞ்சாப் பிரிப்ப?"

"பிரிக்க வேண்டாம். ஆளுக்கு ஒண்ணு வாங்குவோம்."

"ஒரு கதைக்கு அஞ்சு மிசினா? அப்படி நடந்துச்சுன்னா மீசைய எடுத்துருதேன்."

திருச்செந்தூரில் மொட்டை போட்டபோதும் விட்டுவைத்த மீசை அது. அறையே சிரித்தது. படித்தவன் பேச்சு பொய்யாகிவிடக் கூடாதே என்ற கவலை அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

அதனால் கருவி வந்த கையோடு, களக்காட்டில் இருக்கும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"வந்திருச்சு அண்ணாச்சி. கத்தியை எடுங்க."

"பக்கத்து வீட்டுல இருக்கா?"

"இல்ல."

"உன் தெருவுல?"

"எல்லாரும் போன்லயே பாக்காங்க அண்ணாச்சி."

"அப்ப மீசை அங்கனயே கெடக்கட்டும். சரி, நீ வாசிச்சு முடிச்சதும் அந்தக் கதைய எனக்குக் குடுத்து விடுலே."

ஒரு கதையை மட்டும் உருவிக் கொடுக்க வழியில்லை. உம் கொட்டி வைத்தேன்.

இப்போது அத்தியாயங்கள் வரிசையாக வருகின்றன. கல்யாணத்துக்குப் பிறகே குழந்தை பிறக்கிறது. மூன்றாவது கத்தையை முடித்துவிட்டுத் தலைமாட்டில் வந்து நின்று, "இன்னுமா முடிக்கல? எழுத்துக்கூட்டியாலே வாசிக்க?" என்று கேட்க ஆளில்லை.

மூன்று மாதமாக ஒரே பக்கத்தில் நிற்கிறேன்.