அவள் கேட்ட ஒரு வருடம்

எழுபத்தைந்தாம் ஆண்டு, மெல்பேர்ணில் குளிர் தொடங்கியிருந்த நேரம். டண்டினொங் புறநகரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் படம் வரையும் வேலை எனக்கு. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி அப்படியே சரிந்து விழுந்தாள். தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மறுநாள் போய்விட்டாள். அவளுக்கு இருபத்தெட்டு வயது, எங்கள் மகளுக்கு இரண்டரை.

என் மனைவி யாழ்ப்பாணத்திலிருந்து தாதிப் பயிற்சிக்காக இங்கே ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்தவள். அந்த ஆஸ்பத்திரியில் ஒன்றாகச் சேர்ந்து ஒரே விடுதியில் தங்கிப் படித்த பெண்கள் பன்னிரண்டு பேர். தங்களைச் 'சகோதரிகள்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். படிப்பு முடிந்து ஆளுக்கொரு பக்கம் போன பிறகும் மாதம் ஒருமுறை கூடுவார்கள். பத்துப் பேர் வெள்ளைக்காரிகள். மற்ற இருவர் என் மனைவியும், அவளோடு ஒரே கப்பலில் வந்த அவளுடைய உயிர்ச் சிநேகிதியும். அந்தச் சிநேகிதி என்னை 'அத்தான்' என்றுதான் கூப்பிடுவாள். கலியாணம் கட்டவில்லை. நாக்கில் கொஞ்சம் காரம்.

செத்தவீடு முடிந்து மூன்று வாரம் இருக்கும். தபாலில் ஒரு மஞ்சள் கடதாசி வந்தது. என் மனைவியின் பெயரில் சகோதரிகள் ஒரு புலமைப்பரிசில் நிதி தொடங்குகிறார்களாம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை விடுதி மண்டபத்தில் தேநீர் விருந்தாம். வேடிக்கைத் தொப்பிப் போட்டியும் உண்டாம். எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. சாம்பலைக் கடலில் கரைக்கும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி இன்னும் கழியவில்லை, வீட்டில் சாவுத் துடக்கு. இங்கே இவர்களுக்குத் தொப்பிப் போட்டி! வெள்ளைக்காரிகளுக்குத்தான் தெரியாது, அந்தச் சிநேகிதிக்குமா தெரியாது? மகளையும் தூக்கிக்கொண்டு, விருந்தை நிறுத்தியே தீருவது என்று ரயில் ஏறினேன்.

மண்டபத்து வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தி தலையில் பூக்கோவா இலையைக் கவிழ்த்திருந்தாள். இன்னொருத்தி தேநீர்க் கேத்தலின் கம்பளி உறையை மாட்டியிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் என் மகள் கையை உதறிக்கொண்டு ஓடி, அந்தக் கேத்தல் உறைக்காரியின் மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். மகளுக்கு அங்கே எல்லோரையும் தெரிந்திருந்தது. நான் வேலைக்குப் போன பிறகு தாயும் மகளும் ரயிலேறி இங்கே வந்து போயிருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது.

சிநேகிதி மண்டபத்தின் பின்னால் இருந்த குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நேரே போய் வெடித்தேன்.

"அந்தியேட்டி முடியேல்லை, உங்களுக்கு இங்கை கூத்து என்ன?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "துடக்குக் காக்க நீங்கள் இருக்கிறியள், அத்தான். எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி நாங்கள் செய்யிறம். அவளுக்கு இந்தத் தொப்பி விளையாட்டு எவ்வளவு விருப்பம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது. அதையும் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அப்போது மண்டபத்தில் யாரோ நிதியின் நோக்கத்தை உரக்க வாசித்தார்கள். கலியாணத்தால் தாதிப் பயிற்சியை இடையில் விட்டுப்போன பெண்கள் திரும்பி வந்து படிப்பை முடிக்க இந்தப் பணம் உதவுமாம். கைதட்டினார்கள். பக்கத்திலிருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் அந்த ஆஸ்பத்திரியில் பயிற்சிக்காரிகள் விடுதியில்தான் தங்க வேண்டும், கலியாணம் கட்டினால் விலக வேண்டும். என் மனைவி கடைசி வருடம் மிச்சமிருக்க, என்னைக் கட்டிக்கொண்டு விலகினாள். பிறகு அந்த விதியைத் தளர்த்தி, விலகியவர்களைத் திரும்ப அழைத்தார்கள். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "இஞ்சருங்கோ, திருப்பி எடுக்கினமாம். ஒரு வருசம்தான்."

"பிள்ளையை ஆர் பாக்கிறது? சனம் என்ன சொல்லும்?" என்றேன். அப்போது மெல்பேர்ணில் எங்கள் சனம் முழுவதையும் ஒரே வான் வண்டிக்குள் ஏற்றிவிடலாம். ஆனாலும் சனத்தைத்தான் துணைக்குக் கூப்பிட்டேன். ஒரு கிழமை கழித்து இன்னொருமுறை கேட்டாள். நான் பதில்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சிநேகிதி என் முகத்தைப் பார்த்து, துக்கம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டேன் என்று விளங்கிக்கொண்டாள். ஒரு கோப்பைத் தேநீரை என் கையில் தந்துவிட்டு, தானும் எதிரே உட்கார்ந்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"அவளுக்காக நாங்கள் ரோஸ்டர் கூடப் போட்டனாங்கள், அத்தான். எங்கடை லீவு நாளுகளைப் பங்குபோட்டு, ஆர் ஆர் எந்த நாள் பிள்ளையைப் பாக்கிறது எண்டு. கொண்டுபோய்க் காட்டினா, எனக்கு விருப்பமில்லை எண்டு சொல்லிப்போட்டாள். நான் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டன். சோம்பேறி, சுகத்துக்குப் பழகீட்டாய் எண்டெல்லாம். கடைசி நாலு மாசமும் நான் அவளோடை கதைக்கேல்லை. இப்ப இதைச் செய்து என்ன?"

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். எய்தவன் நான், அவள் எதிரிலேயே தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். செத்தவள் வந்து சொல்லப் போவதில்லை. உண்மையைச் சொன்னால் எல்லார் முன்னாலும் நான் யார் என்று தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், சுகத்துக்குப் பழகிப் படிப்பை விட்டவள் என்றே என் மனைவியை உயிர்ச் சிநேகிதி சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள். என் மானத்தைக் காக்க அவள் பெயரை இன்னொருமுறை விற்பதா? தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அவளுக்கு விருப்பம் இருந்தது. நான்தான் விடேல்லை. ரெண்டு தரம் என்னைக் கேட்டவள்" என்றேன்.

செத்தவீட்டில்கூட அழாதவள், பாத்திரம் துடைக்கும் துவாய்க்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். நானும் அழுதேன். ஆறுதல் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? கடைசியில் எழுந்து ஒன்றே ஒன்று சொன்னாள்: "அவள் உங்களைக் காட்டிக்குடுக்கேல்லை, அத்தான். எனக்குக்கூட."

என்னை அவள் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை. அந்தியேட்டிக்கு மட்டும் சகோதரிகள் எல்லோரும் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வந்து, நான் சாம்பலைக் கரைக்கும்போது தள்ளி நின்றார்கள்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் சிநேகிதியிடமிருந்து தொலைபேசி வந்தது. நிதிக்கு முதலாவதாக ஒரு கிரேக்கப் பெண்ணைத் தெரிவுசெய்திருக்கிறார்களாம். எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி. புருஷனுக்குச் சனிக்கிழமையும் வேலையாம்.

"சனிக்கிழமைக்குப் பிள்ளை பாக்க ஆளில்லை. உங்கடை பேரைப் போட்டிருக்கிறன்."

"எனக்கு உதெல்லாம் என்ன தெரியும்?" என்றேன்.

"பழகுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

பழகினேன். சொந்த மகளுக்குத் தாய் இருந்தவரை ஒரு துணிகூட மாற்றாத நான், அந்நியக் குழந்தைக்கு ஊசி குத்தாமல் நாப்பித் துணி கட்டப் பழகினேன். முதல் மாதம் முழுக்க அது என்னைக் கண்டதும் வீரிட்டு அழுதது. பிறகு தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டத் தொடங்கியது. என் மகளுக்கு அது தங்கச்சி ஆகிவிட்டது. வருடம் முழுவதிலும் காய்ச்சல் வந்த ஒரு சனிக்கிழமை மட்டும்தான் நான் போகவில்லை. இவ்வளவுதானா வேலை, இதற்காகவா அவளை மறித்தேன் என்று அந்தக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுத நாட்கள் உண்டு.

அந்தப் பெண் பரீட்சையில் தேறினாள். பட்டியல் வந்த அன்று புதுச் சீருடையோடு நேரே என்னிடம் வந்து, குழந்தையை வாங்கிக்கொண்டாள். பழைய கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. சிநேகிதி சொல்லியிருக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் போல ஒரு புருஷன் கிடைக்க உங்கள் மனைவி கொடுத்துவைத்திருக்க வேண்டும்" என்றாள்.

நான் தலையை ஆட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதன் பிறகு எத்தனையோ பெண்கள் அந்த நிதியில் படித்துத் தாதிகள் ஆகிவிட்டார்கள், நானும் எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி வளர்த்துவிட்டேன். ஆனாலும் யார் யாருக்கோ கொடுத்த அந்தச் சனிக்கிழமைகளை, இரண்டு தரம் வாய்விட்டுக் கேட்டவளுக்குக் கொடுக்காமல் போனேனே என்ற ஒன்று மட்டும் இன்றுவரை ஆறவில்லை.