ஐயர் வீட்டு மாஸ்டிஃப்

“…நாயெண்டாலும் என்ரை வளவுக்குள்ளை மீன் மச்சம் வரக்கூடாது எண்டுதான் நான் சொன்னனான். நாய் என்னையே வரவேண்டாமெண்டு சொல்லுமெண்டு ஆர் கண்டது?” என்றார் ஐயர், எங்கள் படலைக் கதவுக்கு வெளியே நின்றபடி. உள்ளே, வழியை மறித்துக்கொண்டு அவருடைய நாயே அவரைப் பார்த்து உறுமிக்கொண்டிருந்தது.

நயினாதீவில் அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். கோயிலில் பூசை செய்பவர். எண்பத்து நாலில், மலைநாட்டுத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்த அவருடைய மைத்துனர் அந்தக் குட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். மாஸ்டிஃப் சாதி. சீமையில் பெரிய மாளிகைகளின் வாசல் காத்த பரம்பரையாம். ஐயர் வீட்டில் காப்பதற்கு இருந்தவை நாலு பித்தளைக் குடமும் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரமும். பரம்பரைக்கு அது குறைச்சல்தான். நாய் முறைப்பாடு ஒன்றும் வைக்கவில்லை.

சாப்பாடுதான் வில்லங்கமாகப் போனது. காலையில் கோயில் பொங்கல், மத்தியானம் பருப்பும் சோறும், பின்னேரம் மோதகம். உடம்பு கன்றுக்குட்டி போல வளர்ந்தது. முன்கால்களோ வில்லாக வளைந்தன. மீன் விற்க வருகிற கிழவர், “ஐயா, புண்ணாக்கு வைச்சுப் பாருங்கோ, பாலும் கறக்கலாம்” என்று பகிடி விட்டார்.

வள்ளமேறி, பஸ் ஏறி யாழ்ப்பாணம் கொண்டுபோய்க் காட்டியபோது மிருக வைத்தியர் சுற்றி வளைக்கவில்லை. “இவ்வளவு பாரத்தைப் பருப்புத் தாங்காது. மீனும் எலும்பும் குடுங்கோ. வெறுஞ் சீமெந்திலை படுக்க விடாதேங்கோ, சாக்கு விரியுங்கோ.”

சாக்கு அன்றைக்கே விரித்தாயிற்று. மற்றதற்கு ஐயர் மூன்று நாள் யோசித்துவிட்டு என் மனைவியிடம் வந்தார்.

“பிள்ளை, நீங்கள் எப்பிடியும் சமைக்கிறியள்தானே. இவன் இங்கை வந்து திண்டிட்டு வரட்டும். என்ரை கண்ணிலை மட்டும் காட்டாதேங்கோ.”

காட்டவில்லை. ஒரு வருடத்தில் கால் நிமிர்ந்தது, நெஞ்சு அகன்றது, குரல் இறங்குதுறை வரைக்கும் கேட்டது. சோறு கண்ட இடம் சொர்க்கம் என்பார்கள். நாய் சொர்க்கத்துக்கே காவல் நிற்கத் தொடங்கியது. களவெடுக்க ஒன்றுமில்லாத எங்கள் வளவை ஒரு காகமும் அண்டவில்லை. ஐயரின் மாம்பழங்களை வௌவாலும் ஊராரும் ஆறுதலாகப் பங்குபோட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டிலும் மரக்கறிதான். அன்றைக்கு மட்டும் அது வழக்கில் தோற்றவனைப் போல இரண்டு வீட்டையும் பார்த்துக்கொண்டு ஒழுங்கையில் படுத்திருக்கும்.

எங்கள் படலையில் நின்ற அன்று ஐயர் அதைத் திருப்பிக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தார். பொங்கலைக் காட்டினார்; செல்லம் கொஞ்சினார். நாயின் முதுகு மயிர் சிலிர்த்ததுதான் மிச்சம்.

“என்ரை மடியிலை கிடந்து வளந்தனியடா,” என்றார்.

“கோவிக்காதேங்கோ ஐயா, இதைக் காட்டி இழுத்துக் கட்டிவிடுறன்,” என்று என் மனைவி அவித்த பாரை மீன் தலையைத் தட்டில் கொண்டுவந்தார்.

ஐயர் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவருமில்லை. தோளில் கிடந்த சால்வையை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டினார். படலைக்கு மேலால் கையை நீட்டித் தட்டை வாங்கி, குந்தியிருந்து, இடுக்கு வழியே மீன்தலையைத் தன் கையாலேயே நாய்க்கு ஊட்டினார். பிறகு படலையைத் திறந்து, வாலாட்டிக்கொண்டு நாய் பின்னால் வர, தலைமுழுகுவதற்கு நேரே தன் வீட்டுக் கிணற்றடிக்குப் போனார்.