சம்பந்தி வீட்டுப் பந்தல்

வேலைக்குப் போகும் வீட்டில் யார் எதிரே வந்தாலும் ஒரு தலையாட்டலோடு சரி. பந்தல்காரர் நேரே தொட்டிச் செடியின் முன்னால் போய்க் குந்திவிடுவார். இலைக்கணுவில் நீளும் சுருளைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்ப்பார். அது வளையும் தினுசைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்காரருக்கு வணக்கம்.

மாடியிலும் வாசலிலும் கொடிகள் ஏறப் பந்தல் போட்டுத் தருவது அவர் தொழில். மகள் பள்ளிக்குக் கொண்டுபோன பழைய பையில் குறடும் கம்பியும் சணல் கயிறும் கிடக்கும். காதில் பென்சில் இருக்கும். அதைத் தேடிக்கொண்டும் இருப்பார். கனத்த குழாய்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களிடம் அவருக்குப் பொறுமை கிடையாது. "இதுங்க கை நூல் மாதிரிங்க. தூணைக் கட்டிப்பிடின்னா எங்க போய்ப் பிடிக்கும்? பென்சில் கனம் போதும்." பேசிப் பேசியே ஆளை வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் கோட்டை விட்டார். சம்பந்தியம்மா வெள்ளரி விதை போட்டிருக்கிறார் என்று கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்குப் பெருமை சேர வேண்டுமே என்று, கைப்பிடி கனத்தில் பளபளக்கும் எஃகுக் குழாய்களை வாங்கி மாடி நிறையப் பந்தல் நாட்டினார். பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதன் பிறகு தினமும் மகளுக்குப் போன். "கொடி ஏறுதாம்மா?"

"ஏறுதுப்பா..." என்பாள், கொஞ்சம் இழுத்து.

அந்த இழுவை அவரை அரித்தது. தன் கைவேலை பிசகிவிட்டதென்றால் அந்த வீட்டில் மகள் எப்படி நிமிர்ந்து நடப்பாள்?

ஒரு காலை சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றார். மாடியில், துணி காயப்போடும் கயிற்றை வளைத்துப் பிடித்திருந்த வெள்ளரிச் சுருள்களைச் சம்பந்தியம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து, குழாயோடு சேர்த்து நாரால் கட்டிக்கொண்டிருந்தார். மகள் நார் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் இருவரும் திருதிருவென விழித்தார்கள்.

"தினம் இதேதானா?"

"விடிஞ்சா கயித்துக்குத் தாவிடுதுண்ணா. நீங்க பார்த்தா மனசு கஷ்டப்படுவீங்களேன்னு..." சம்பந்தியம்மா மென்று விழுங்கினார்.

"அத்தைதான்பா உங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க" என்றாள் மகள்.

பந்தல்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெண் நல்ல இடத்தில்தான் வாழ்கிறாள் என்று மனசு நிறைந்துபோனது. சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நார்களையெல்லாம் அவிழ்த்துவிட்டார். பிறகு வாளியில் பிழிந்து வைத்திருந்த ஈரத்துணிகளை ஒவ்வொன்றாக உதறி, தன் எஃகுக் குழாய்களில் காயப்போட ஆரம்பித்தார்.