அறையில் இன்னொருவர்

தெல்மாவுக்கு நாற்பத்தோரு வயதில் படிப்புப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று கடலோரத் தெரு முழுக்கச் சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? லெய்த்தே தீவின் அந்தச் சின்ன ஊரில் மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு, கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த ஆயா அவள். அவள் போய் மணிலாக்காரர்களின் ஏதோ ஒரு இணையப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பட்டத்துக்குச் சேர்ந்தாளாம். அதற்குக் கட்டடம் கிடையாது, வகுப்பறை கிடையாது, மணியடிக்க ஆள் கிடையாது. பாடம், வாத்தியார், பரீட்சை எல்லாம் ஒரு பழைய மடிக்கணினிக்குள்தான்.

"மானா தெல்மா, மேடையேறிப் பட்டம் வாங்கறப்ப கைத்தாங்கலா ஆள் வேணுமா?" என்று கூட வேலை செய்யும் மிலா கேட்பாள். மூத்தவளை அங்கே வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். மானா என்றால் அக்கா.

"நீ வந்து தொப்பியப் பிடிச்சுக்கடி. உன் வாய்க்கு மூடியா ஆகும்."

சும்மா சொல்லக் கூடாது, உடும்புப் பிடியாகத்தான் படித்தாள். வீட்டில் சிக்னல் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றது, முன்னறையில், வாசல் கதவுக்கு நேர் எதிரே. அங்கே மேசையைப் போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஐந்து வருடம். மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி, இணையம் போனால் மறுநாள். முகமே பார்த்திராத வகுப்புத் தோழர்கள் விவாதப் பக்கத்தில் எழுதுவார்கள். ஒருத்தி கத்தாரில் வீட்டு வேலை, ஒருவன் கப்பலில் எண்ணெய் துடைப்பவன். "அத்தை, மூணாம் பாடம் புரிஞ்சுதா?" என்று அவன் கேட்டால், இரண்டு எழுத்துப் பிழையோடு தெல்மா விளக்கம் எழுதி அனுப்புவாள்.

ஆனால் ஏன் படிக்கிறாள் என்பதை மிலாவிடம்கூட அவள் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரு தங்கை இருந்தாள், ரோவெனா. பதினாலு வயது இளையவள், தெல்மாவின் இடுப்பிலேயே வளர்ந்தவள். அப்பா தென்னையிலிருந்து விழுந்து போனதும் தெல்மா பள்ளியோடு படிப்பை நிறுத்தி, நாலு வீட்டுத் துணி துவைத்து, தங்கையை நகரத்துக் கல்லூரியில் சேர்த்தாள். கடைசி வருடம் தொடங்கியதுமே ஸ்டுடியோக்காரன் கறுப்பு அங்கியும் தொப்பியும் மாட்டிப் படம் எடுத்துவிடுவான். பட்டம் பிறகு வரும், படம் முதலில் சுவருக்கு வந்துவிடும். ரோவெனாவின் படமும் அப்படித்தான் முன்னறைச் சுவரில் ஏறியது. பட்டம் வரவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, நகரத்து விடுதியிலிருந்து ரோவெனா போன் செய்தாள்.

"மானா, பெரிய புயல் வருதாம். பையக் கட்டிட்டேன். மூணு மணிக்குக் கடைசி பஸ் இருக்கு. வந்துடட்டா?"

"திங்கக்கெழம பரீட்ச இருக்கில்ல?"

"தள்ளி வெச்சுடுவாங்கன்னு பசங்க சொல்றாங்க."

"பசங்க ஆயிரம் சொல்லுவாங்க. தள்ளி வெக்கலன்னா ஒரு வருஷம் வீணாப் போயிடும்டி. வராத. அங்கயே இருந்து படி."

"சரி மானா," என்றாள் ரோவெனா.

மறுநாள் காலை கடல் எழுந்து வந்து அந்த விடுதியைத் துடைத்துக்கொண்டு போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை பரீட்சையும் நடக்கவில்லை. பரீட்சை எழுதும் கூடமே இல்லையே, எங்கே நடத்துவது?

கல்லறை இல்லாததால், இறந்தோர் நாளில் தெல்மா வாசற்படியில்தான் மெழுகுவர்த்தி வைப்பாள். அந்த 'வராத' என்ற சொல்லை அதற்குப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. பள்ளியில் அடுப்புப் பக்கம் குழந்தை ஓடிவந்தால் பாய்ந்து தூக்குவாளே ஒழிய, வராதே என்று வாய் திறக்கமாட்டாள். தங்கை விட்ட பட்டத்தைத் தானாவது வாங்கி அந்தப் படத்துக்குக் கீழே மாட்டிவிட்டால் நெஞ்சின் பாரம் கொஞ்சம் இறங்கும் என்று நினைத்தாள். பாவம், வேறு என்னதான் செய்வாள்?

கடைசி வருடத்தில் தொந்தரவு தொடங்கியது. அந்த வருடம்தான் புது ஏற்பாடு, பரீட்சையின்போது கணினியின் கண் எழுதுபவரையும் அவருக்குப் பின்னால் இருப்பதையும் பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் பரீட்சையில் பாதி எழுதும்போது திரையில் சிவப்புக் கட்டம் வந்தது: அறையில் இன்னொருவர் இருக்கிறார். தெல்மா திரும்பிப் பார்த்தாள். சுவரில் ரோவெனா, தொப்பியோடு. இயந்திரத்துக்குப் படம் எது, ஆள் எது என்று என்ன தெரியும்? படத்தைக் கழற்றச் சொல்லிக் கடிதம் வந்தது.

அடுத்த பரீட்சைக்கு முன் படத்தைக் கழற்றிப் போர்வையில் சுற்றி அலமாரியில் வைத்தாள். "கொஞ்ச நேரந்தான்டி. கோச்சுக்காத," என்று சொல்லித்தான் வைத்தாள். சுவரில் வெளுத்த சதுரம் மட்டும் இருந்தது. ஆனாலும் சிவப்புக் கட்டம் வந்தது.

இந்த முறை கடிதம் கடுமையாக இருந்தது. மூன்றாம் முறையும் இப்படி நடந்தால் பெயர் நீக்கப்படும், இதுவரை தேறியதும் செல்லாது. பாக்கி இருந்ததோ ஒரே ஒரு பரீட்சை. அதை இயந்திரம் மட்டுமல்ல, மணிலாவிலிருந்து ஒரு ஆளே நேராகக் கண்காணிப்பார் என்றும் எழுதியிருந்தார்கள்.

"படத்த எங்க வீட்டுல வெச்சுக்கறேன் மானா," என்றாள் மிலா. அன்று அவளும் கேலி பேசவில்லை. படம் மிலா வீட்டுக்குப் போனது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை. வெளியே நல்ல மழை. தெல்மா கதவைத் தாழிட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். கண்காணிப்பாளரின் குரல் இளசாக இருந்தது. அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னான், காட்டினாள். "சரி மேடம், ஆரம்பிங்க."

பாதிக்கு மேல் எழுதிவிட்டாள். தெரிந்த கேள்விகள்தான், கை ஓடியது. அப்போது பிடரியில் ஈரக்காற்று பட்டது.

"மேடம், உங்க கூட இருக்கறவங்கள வெளிய போகச் சொல்லுங்க."

"யாரும் இல்ல சார். நான் ஒருத்திதான்."

"கதவு திறந்திருக்கு பாருங்க. அங்க ஒரு பொண்ணு நிக்கறாங்க."

தெல்மா திரும்பவில்லை. "எப்படி இருக்கா சார்?"

"என்ன மேடம் கேள்வி இது? தோள்ல பை மாட்டியிருக்காங்க. செருப்பக் கையில பிடிச்சிருக்காங்க. உள்ள வராம வாசல்லயே நிக்கறாங்க." பையன் நல்லவன், குரலைத் தணித்துக்கொண்டான். "மேடம், இது உங்களுக்கு மூணாவது தடவன்னு இங்க போட்டிருக்கு. நான் ரெண்டு நிமிஷம் தர்றேன். வர வேணாம்னு சொல்லிட்டு, கதவச் சாத்திட்டு வந்து உக்காருங்க. இன்னும் பத்துக் கேள்விதான், வீணாக்காதீங்க."

தெல்மா எழுந்து போனாள். தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. வாசலில் மழை மட்டும்தான், மனிதர் யாரையும் காணவில்லை. கதவின் விளிம்பில் கை வைத்தாள். ஐந்து வருடப் படிப்பு, பத்தே பத்துக் கேள்வி, பிறகு பட்டம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏற்கெனவே ஒரு முறை சொன்ன வார்த்தைதான். அன்றைக்கும் பரீட்சைக்காகத்தான் சொன்னாள்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"உள்ள வாடி, ரோவெனா," என்றாள். "பரீட்ச கெடக்குது. நீ வீட்டுக்கு வா."

பிறகு மேசையிலிருந்து அந்தப் பையனின் குரல் பதற்றமாக வந்தது.

"மேடம், என்ன பண்றீங்க? அவங்க உள்ள வந்துட்டாங்க. பையக் கீழ வெச்சுட்டாங்க. உங்க தோள்ல சாஞ்சுக்கிட்டாங்க மேடம். நான் பரீட்சய மூடித்தான் ஆகணும்."

தெல்மாவின் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தோள் மட்டும் மெல்ல நனைந்துகொண்டிருந்தது.

"மூடுங்க தம்பி," என்று சொல்லிவிட்டு, அவள் வாசல் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.